முக்காட்டுக்குள் ஒரு மெட்டல் அல்பம்

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, அக்கரைப்பற்று வீதியில் நான் வந்த ஓட்டோ புரண்டு இடது தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்து, கல்முனைக்குடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எலும்பு பொருந்திவிட்டது, நடைதான் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நடைப் பயிற்சி கொடுத்த பெண் "ஒண்டு, ரெண்டு" என்று கை தட்டுவார். நான் இடது காலைத் தூக்கி வைப்பதற்குள் அவருடைய ரெண்டு வந்து போய்விடும்.

"இப்பிடியே போனா வோக்கரோடதான் இருக்க வேண்டி வரும் டீச்சர்" என்று ஒருநாள் சொல்லியும் விட்டார். நான் கணித ஆசிரியை. என் வகுப்புகள் மேல்மாடியில். அன்று வீடு வரும் வரை அழுதேன். வாசலில் இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்ன ஆனாலும் நடந்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழக விடுதிக் காலத்திலிருந்து நான் ஒரு புரோகிரசிவ் மெட்டல் இசைக்குழுவின் தீவிர ரசிகை. அபாயாவும் முக்காடுமாகப் போகும் என்னைப் பார்த்து யாரும் நம்பமாட்டார்கள். கிட்டார் உறுமும், ட்ரம்ஸ் இடியாக விழும், ஆனால் கணக்கு ஓரிடத்திலும் பிசகாது. நாலில் போகும் தாளம் சொல்லாமல் கொள்ளாமல் ஏழுக்குத் தாவும். அந்தக் கணக்குக்குத்தான் நான் அடிமை. கணவருக்கு மட்டும் இது தெரியும். "உன்ட இரும்புக்கடையத் திறந்திட்டியா?" என்று கேலி செய்வார்.

நான் முடங்கிக் கிடந்தபோதுதான், நீண்ட மௌனத்துக்குப் பிறகு அவர்களின் புதிய அல்பம் வந்தது. பாடகரின் குரல் முன்போல் ஏறவில்லை என்று இணையத்தில் பழைய ரசிகர்கள் குறைபட்டார்கள். உண்மைதான். ஆனால் ஏறாததை அவர் மறைக்கவில்லை. கீழேயே நின்று கரகரத்த குரலில் பாடுகிறார், கிட்டார்கள் தணிந்து அவருக்கு இடம் விடுகின்றன. என்னைக் கேட்டால் அவர்களின் அல்பங்களிலேயே இதுதான் உசத்தி.

அதில் மூன்றாவது பாட்டு மெதுவான ஏழில் போகிறது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு யோசனை வந்தது. வோக்கரைப் பிடித்து எழுந்தேன். இடது காலுக்கு நாலு, வலது காலுக்கு மூன்று. என் கால் கச்சிதமாகத் தாளத்தில் போய் விழுந்தது!

அன்றிலிருந்து ஹெட்போனை முக்காட்டுக்குள் மாட்டிக்கொண்டு பயிற்சிதான். களைத்தால் கண்ணை மூடி உட்கார்ந்து வாய்க்குள் எண்ணுவேன். எங்கள் ஊரில் நோயாளி வீட்டுக்கு ஆள் வராத நாள் இல்லை. பழமும் பால்மாவுமாக வந்த பெண்கள், உதடு அசைவதைப் பார்த்துவிட்டு நான் குர்ஆன் ஓதல் கேட்டு, இறைவன் பெயரைச் சொல்லி திக்ர் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். உம்மாவும் அப்படியே நம்பி ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, ஹோல் நிறையப் பெண்கள் இருக்கும்போது ஹெட்போனில் சார்ஜ் தீர்ந்தது. மடியில் கிடந்த போன் வாய் திறந்து அலறியது.

"யா அல்லாஹ்! இதென்ன கா, நெல்லு மில்லு உடைஞ்ச மாதிரிச் சத்தம்?" என்றார் பக்கத்து வீட்டு மாமி.

உம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஓதல் கேக்கிறா எண்டெல்லோ நான் எல்லாரிட்டயும் சொல்லித் திரியிறன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. நிறுத்தத்தான் கை போனது. அந்த நேரம் பார்த்து மூன்றாவது பாட்டு தொடங்கியது.

"ஓதல் இல்ல உம்மா. இதக் கேட்டுத்தான் நான் நடக்கிறன். பாருங்க" என்று போனை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தேன். வோக்கரைத் தொடவில்லை. அதுவரை அது இல்லாமல் ஓரடி வைத்ததில்லை. பாதி வழியில் ஒரு பக்கம் சாய்ந்தேன். மாமி ஓடி வந்தார். "புடிக்க வேணாம் மாமி" என்றேன். வாய் விட்டு எண்ணிக்கொண்டே போய் வாசல் நிலையைப் பிடித்தேன்.

போன் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. மாமி மெதுவாக அதை நிறுத்தப் போனார். உம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அத நிப்பாட்டாதீங்க. புள்ள திரும்பி வரவும் வேணுமே."

இப்போது நான் மேல்மாடிக்கு ஏறித்தான் படிப்பிக்கிறேன். இன்னமும் இடது கால் நாலுக்கும் வலது கால் மூன்றுக்கும்தான் விழுகிறது. வராந்தாவில் என் காலடி கேட்டதுமே பிள்ளைகள் கொப்பியைத் திறந்துவிடுகிறார்கள். பழைய நடை திரும்பட்டும் என்று காத்திருந்தால் இன்றைக்கும் நாற்காலியில்தான் இருந்திருப்பேன். இந்த நடையோடுதான் இனி என் காலம் என்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்ற அந்தப் பின்னேரத்தை நினைத்தால், இப்போதும் என் முதுகு நிமிர்கிறது.