வெளிச்சத்தில் வீடு திரும்பியவர்

திண்டிவனத்துக்குச் சற்று முன்னால் ரேடியேட்டர் கொதித்து எங்கள் பஸ் நின்றுவிடுகிறது. பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தவர் கிணற்றில் தண்ணீர் இறைத்து டிரைவருக்குத் தருகிறார். நான் அவரிடம் பேச்சுக் கொடுக்கிறேன்.

"சொந்தக் கொல்லைங்களா?"

"கூலிதாங்க. போன வருசம் வரைக்கும் ஒரு பண்ணையில படியாளு. எங்கப்பாவும் அங்கயேதான் இருந்தாரு."

கொத்தடிமையை ஒழித்துச் சட்டம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகிறதே என்கிறேன்.

"சட்டம் எங்க ஊருக்கு வரலீங்க. நயினாருக்கே மனசு கேக்கல."

நயினார் என்று அவர் சொல்வது அந்தப் பண்ணைக்காரரை. சமணர். விளக்கில் பூச்சி விழுந்து சாகும் என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறவர். ஒருநாள் இருட்டிய பிறகு மாட்டுக்கொட்டகைப் பக்கம் வந்திருக்கிறார். படியாட்கள் அப்போதுதான் வேலை முடித்து, விளக்கில்லாமல் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரொம்ப நேரம் பார்த்துக்கினே நின்னாருங்க. 'பூச்சிக்குப் பாவம் பார்த்தேன், உங்களுக்குப் பார்க்கலியே'ன்னாரு. மறுநாளு எல்லாரையும் கூப்ட்டு, 'இனிமே யாரும் என் ஆளு இல்ல, புடிச்ச எடத்துல வேலை செய்ங்க'ன்னுட்டாரு."

"பெரிய மனசு" என்கிறேன்.

அவர் கையிலிருக்கும் செடியின் மண்ணை உதறுகிறார்.

"நல்லவருதாங்க. எப்பவும் விடியறதுக்கு முன்ன போய்டுவேன், புள்ள தூங்கினப்புறம் வருவேன். அன்னிக்குதான் வெளிச்சத்தோட வூட்டுக்குப் போனேன். எம் பொண்ணுக்கு மூணு வயசுங்க. யாரோ வந்துட்டாங்கன்னு அழுதுக்கினே அவங்கம்மா பின்னால ஒளிஞ்சிக்கிச்சு."