எட்டுக்கு வாங்கிய கிழங்கு

எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், எட்டாம் நாள் அவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைப்போம். என் கணவர் தை மாதத்தில் போனார். எட்டுக்கு என்ன வைப்பது என்று அவருடைய தங்கை, என் மச்சாள், கேட்டபோது எனக்கு ஒன்றுதான் வாயில் வந்தது. ருத்தபாகாக் கிழங்கு.

அவர் இந்த நகரத்தின் செயின்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மரக்கறிக் களஞ்சியத்தில் வேலை செய்தவர். பக்கத்துப் பண்ணைகளில் பனி விழ முதல் கிண்டியெடுத்த கிழங்குகளைக் குளிர்காலம் முழுக்க அங்கே வைத்திருந்து விற்பார்கள். அடிக்கடி ஒரு பையில் ருத்தபாகா கொண்டுவருவார். "இஞ்சத்த மண்ணில விளைஞ்சது, ஒருக்காச் சமைச்சுப் பாருமன்" என்பார். எனக்கு அந்த மணமே ஆகாது. "மாட்டுக்குப் போடுறதை வீட்டுக்குக் கொண்டு வராதேங்கோ" என்று எரிந்து விழுவேன். மனுசன் பையைக் கொண்டுபோய் ஒரு மூலையில் வைப்பார்.

மச்சாளுக்கு என் பேச்சுப் பிடிக்கவில்லை. "படையலில வெள்ளைக்காரன்ர கிழங்கோ? புரோசார்ட் தமிழ்க் கடையில நல்ல முருங்கைக்காய் வந்திருக்கு, மச்சாள்" என்றாள். நான் விடவில்லை. அவர் கேட்டு நான் செய்யாததை இப்போதாவது செய்துவிட வேண்டும் என்று இருந்தது.

செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள கடைகளில் மெக்சிகோக் கத்தரிக்காய் இருந்தது, கலிபோர்னியாக் கோவா இருந்தது. ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் விளைந்த கிழங்கு மட்டும் இல்லை. கொட்டும் பனியில் இரண்டு பஸ் மாறிச் சந்தைக்குப் போனேன். அங்கே பெட்டி பெட்டியாகக் கிழங்குகள். எது அவருடையது என்று தெரியாமல் முழித்தேன். ஒருநாளாவது அந்தப் பையைத் திறந்து பார்த்திருந்தால்தானே. கடைக்காரப் பெண்தான் ஊதாவும் மஞ்சளுமான ஒன்றை எடுத்துத் தந்தாள்.

தேங்காய்ப்பால் கட்டியாக விட்டு, பால்கறியாக வைத்தேன். படைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று அழுதேன். பிறகு எல்லோருக்கும் பரிமாறினோம்.

மகள் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, அப்பா இதுக்குப் பால் விடுறேல்ல. செத்தல் மிளகாய் போட்டுப் பிரட்டுறவர்."

"எப்ப?"

"சனிக்கிழமையில, நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு. நானும் அப்பாவும் சாப்பிடுவம். பேந்து, உங்களுக்கு மணக்கக் கூடாதெண்டு யன்னலைத் திறந்து வைப்பார்."

அந்தக் குளிரில், எனக்காக. நான் படைத்ததோ அவர் ஒருநாளும் சாப்பிடாத கறி.