முன்பல்லுக்கு ஒரு சைக்கிள்

கடைக்காரர் பிரேக்கின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் அத்தான் பிரேக்கைப் பார்க்கவில்லை. கடைக்காரரின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பது போன்ற பார்வை. கடைக்காரர் பேச்சை நிறுத்தி, உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்குகிறார். அத்தான் என் பக்கம் குனிந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சொல்கிறார்: "இவரு இடது பக்கமாவே மெல்றாரு மாப்ளே. வலது பக்கம் என்னமோ கோளாறு. சொந்த வாயையே கவனிக்காதவரு சைக்கிளை எங்க கவனிச்சிருக்கப் போறாரு?"

அந்தக் கடையிலும் சைக்கிள் வாங்கவில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பல்செட்டு செய்பவர். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்ப, அதற்கேற்ற பல்லைச் செய்து கொடுக்கும் ஒரு லேபில் வேலை. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. செய்யும் வேலைதான் பெயர். கம்பி வளைப்பவர் 'கம்பி'. மாவு கலக்குபவர் 'மாவு'. கடைவாய்ப் பல் செய்பவர் 'கடைவாய்'. என் அத்தான் 'முன்பல்'. வீட்டுக்கு யாராவது போன் செய்தாலும் "முன்பல்லு இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அக்காவும் அசராமல், "இருக்கு, குளிச்சிட்டு இருக்கு" என்று அஃறிணையிலேயே பதில் சொல்லிவிடுவாள்.

மனிதர்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்பதில்லை, பல்தான் நிற்கும். தெருவில் தெரிந்தவர் எதிரே வந்தாலும் அவர் வாயைத் திறக்கும்வரை யாரென்று தெரியாது. இதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். சந்தேகமாக இருந்தால் ஒரு கடி ஜோக் சொல்வார். எதிராளி சிரித்தால், "அட, நீங்களா!" என்று கையைப் பிடித்துக்கொள்வார். பிரச்சினை என்னவென்றால் அத்தான் சொல்லும் ஜோக்குக்குப் பெரும்பாலும் யாரும் சிரிப்பதில்லை. இப்படித்தான் சொந்தச் சித்தப்பாவை யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார், இன்றுவரை அந்த வீட்டில் யாரும் இவருக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்படிப்பட்டவர் சைக்கிள் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியதற்குக் காரணம் பாலம். ஊருக்கு நடுவே உள்ள பழைய பாலத்தில் மோட்டார் வண்டி எதுவும் போகக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். பஸ் ஊரையே சுற்றிக்கொண்டு போகிறது. முதல் பஸ்ஸில் ஏறினாலும் லேபுக்குப் போய்ச் சேரும்போது வேலை தொடங்கி வெகுநேரம் ஆகியிருக்கும். நடந்தாலும் அதே கதை. முன்பல்லுக்கோ காலை வெளிச்சம் வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பல்லின் நிறம் பிடிபடாது, விளக்கில் பார்த்தால் பொய் சொல்லும் என்பார் அத்தான். லேபில் காலை வெளிச்சம் விழும் ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அங்கே உட்கார்பவரால்தான் முன்பல் செய்ய முடியும்.

தினமும் அத்தான் வந்து சேரும்வரை ஜன்னல் மேசை சும்மா கிடப்பதை முதலாளியம்மா பார்த்தார். லேபுக்கு மேல்மாடியிலேயே குடியிருந்து, படியிறங்கினால் வேலை என்று இருக்கும் கடைவாயையும் பார்த்தார். ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "முன்பல்லு, வர்ற திங்கட்கிழமையிலேர்ந்து நான் கதவைத் திறக்கறப்ப நீங்க வாசல்ல நிக்கணும். இல்லைன்னா ஜன்னல் கடைவாய்க்கு. நீங்க அவர் இடத்துக்குப் போயிடுங்க."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கடைவாய்ப் பல்லு யாருக்கு மாப்ளே தெரியும்? கொட்டாவி விட்டாத்தான் தெரியும். ஒருத்தன் கொட்டாவி விடற நேரத்துல தெரியறதுக்கா நான் வேலை கத்துக்கிட்டேன்?" என்றார். நான் அவரை எவ்வளவோ கேலி செய்பவன். அன்றைக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அக்காதான் நிலைமையைச் சமாளித்தாள். "ஒரு சைக்கிளை வாங்கித் தொலைங்க. கடைவாய் பொண்டாட்டின்னு என்னால போன் எடுக்க முடியாது."

சைக்கிள்கள் பாலத்தில் போகலாம். பாலம் நீளம், ஏற்றம் வேறு. வீடோ மாடியில், தினமும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஆகவே எடை குறைந்த, டயர் மெலிந்த ரோடு பைக்தான் சரி, அதுவும் நம் கைக்கு அடங்கும் விலையில் வேண்டும் என்று அத்தான் முடிவு செய்தார். அதோடு துணைக்கு என்னையும் முடிவு செய்தார். எனக்குச் சைக்கிளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஏறுவதும் இறங்குவதும்தான், அதிலும் இறங்குவது சுமார்.

ஒரு கடையில் வெள்ளைச் சைக்கிளைக் காட்டினார்கள். அத்தான் அதை வாசலுக்கு உருட்டிவரச் செய்து, வானத்தைப் பார்த்து, சைக்கிளைப் பார்த்து, "இது வெள்ளை இல்லீங்க. நாப்பது வயசு, காபி ஜாஸ்தி குடிக்கிற ஆளோட வெள்ளை" என்றார். இன்னொரு கடையில் பெடலைக் கையால் சுற்றவிட்டு, பல்சக்கரத்தின் மேல் காதை வைத்துக் கேட்டு, "செயினுக்கும் பல்லுக்கும் கடி சேரல" என்று உதட்டைப் பிதுக்கினார். "சார், அது எண்ணெய் போட்டா சரியாயிடும்" என்றார் விற்பவர். "கடி சேராத வாய்க்கு எண்ணெய் போட்டா சரியாகுமா?" என்று கேட்டார் அத்தான். விற்பவர் எண்ணெய்க் குப்பியை உள்ளே எடுத்து வைத்தார்.

இதற்கிடையில் சீட்டுப் பிரச்சினை வந்தது. ரோடு பைக்கின் சீட் ஒல்லியாக இருக்கும், உட்காருபவருக்குப் பொருந்தாவிட்டால் கடிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கடி என்ற சொல்லைக் கேட்டதும் அத்தானுக்கு வழி தெரிந்துவிட்டது. லேபிலிருந்து அச்செடுக்கும் மாவைக் கொண்டுவந்து, அக்காவின் கேக் தட்டில் கரைத்து, முக்காலியின்மேல் வைத்து, அரைக்கால் சட்டையோடு அதில் உட்கார்ந்துவிட்டார். மாவு இறுகும்வரை அசையக்கூடாது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தார். அத்தான் எழுந்திருக்கவில்லை. "வாங்க சார், உக்காருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, முதுகை நிமிர்த்திச் சிம்மாசனத்தில் இருப்பவரைப் போல இருந்தார். வீட்டுக்காரர் நின்றுகொண்டே, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். "இல்ல சார், காயுது" என்றார் அத்தான். வீட்டுக்காரர் குழாயைப் பார்க்காமலே போய்விட்டார்.

அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த வார்ப்பு, கல்லில் செதுக்கியதுபோல நன்றாகவே வந்திருந்தது. அதைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். ஒவ்வொரு கடையிலும் அத்தான் அதை வெளியே எடுத்து, சீட்டின்மேல் வைத்து, முன்னும் பின்னும் நகர்த்தி, இடைவெளியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். "என்ன சார் இது, உடைஞ்ச சிலையா?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார். "என்னோடது" என்றார் அத்தான். கடைக்காரர் அதன்பின் எந்தச் சைக்கிளையும் காட்டவில்லை, கதவைத்தான் காட்டினார்.

அக்கா பொறுமை இழந்தாள். "என்னைக் கட்டிக்கறதுக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்துல சரின்னு சொன்னீங்க. ஒரு சைக்கிளுக்கு இவ்வளவு யோசனையா?"

"உன் பல்வரிசை நல்லா இருந்துச்சு. வேற எதையும் பாக்கல" என்றார் அத்தான்.

"வேற எதையும் பாக்கலைன்னா?" என்று அக்கா கேட்பதற்குள் அவர் பால்கனிக்குப் போய்விட்டார். நானும் கூடவே போனேன். "அத்தான், ஏதோ ஒண்ணை வாங்கிடுங்க. திங்கட்கிழமை வந்துடும்" என்றேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஏதோ ஒண்ணுன்னு ஒரு பல்லை வச்சுட்டா, அந்த ஆளு ஆயுசு பூரா ஏதோ ஒண்ணாத்தான் சிரிக்கணும் மாப்ளே. எனக்கு அப்படியே பழகிப்போச்சு. நான் என்ன பண்ண?" அவருடைய குரல் இறங்கிவிட்டது. இந்த மனிதரை அந்த ஜன்னலிலிருந்து எழுப்பிவிட்டால் இடிந்துபோவார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை, மிச்சமிருந்த ஒரே கடைக்குப் போனோம். பழைய சைக்கிள்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் இடம். கடைக்காரருக்கு மூக்குக்குக் கீழே முழுக்கத் தாடியும் மீசையும். பேசும்போது எங்கிருந்து சத்தம் வருகிறது என்றே தெரியவில்லை. அத்தான் இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், ஒரு பல்கூடக் கண்ணில் படவில்லை. ஜோக் சொல்லியும் பார்த்தார். தாடி அசையவில்லை. வேறு வழியில்லாமல், இத்தனை கடை ஏறியதில் முதல்முறையாக, கடைக்காரரின் பல்லைப் பார்க்காமலே அத்தான் நேராகச் சைக்கிளைப் பார்த்தார்.

சாம்பல் நிறத்தில் ஒரு ரோடு பைக், மூலையில் சுவரோடு சாய்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தால் குடை எடை. பல்சக்கரத்தின் அருகே குந்தியவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"அதுல ஒரு பல்லு உடைஞ்சிருக்கு சார்" என்றது தாடி. "ஒண்ணும் ஆகாது, ஒரு பல்லு இல்லைன்னாலும் நல்லா ஓடும்."

அத்தான் மெல்ல எழுந்தார். "ஒரு பல்லு இல்லைன்னா ஒண்ணும் ஆகாதா? யாருகிட்ட சொல்றீங்க?"

"வேணும்னா சக்கரத்தையே மாத்திக் குடுத்துடறேன் சார், கோவிச்சுக்காதீங்க."

"ஒரு பல்லு போனதுக்கு வாயையே மாத்துவீங்களா?"

தாடி என்னைப் பார்த்தது. நான் மேற்கூரையைப் பார்த்தேன். அத்தான் பேரம்கூடப் பேசாமல் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். என் கையில் தொங்கிய பிளாஸ்டர் வார்ப்பை அவர் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை லேப் விடுமுறை. சாவி ஒன்று மாடியில் கடைவாயிடம் இருக்கும். அத்தான் கழற்றிய பல்சக்கரத்தோடு போய் நின்றார். எதற்கு என்று தெரிந்தும் கடைவாய் சாவியைக் கொடுத்தார், கூடவே இறங்கிவந்து விளக்கையும் பிடித்தார். ஜன்னலுக்குத்தான் போட்டியே தவிர, பல் என்று வந்துவிட்டால் அந்த லேபில் பகை கிடையாது. பக்கத்துப் பல்லை அச்செடுத்து, மெழுகில் செய்து பார்த்து, உலோகத்தில் வார்த்து, உடைந்த இடத்தில் பற்றவைத்தார்கள். அத்தோடு விட்டாரா அத்தான்? அதை அரத்தால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"பளபளன்னு நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"அதான் தப்பு. மத்ததெல்லாம் ஓடித் தேஞ்ச பல்லு. இது மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி நின்னா, செட்டுன்னு காட்டிக் குடுத்துடும்." தேய்த்து, எண்ணெயும் தூசியும் தடவி, புதுப் பல்லைப் பழசாக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். "சைக்கிள் என்ன சிரிக்கவா போகுது?" என்று அக்கா கேட்டாள். ஆனால் பல்சக்கரத்தை மாட்டும்போது, கேட்காமலே பழைய துணியைக் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான்.

திங்கட்கிழமை காலை இரவல் சைக்கிளில் நானும் அவர் பின்னாலேயே போனேன். விழுந்தால் தூக்கிவிட என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பால ஏற்றத்தில் அவர் வளைந்த கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து மிதித்த மிதியில் நான் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று. மூச்சிரைக்க நான் லேபுக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. வாசலில் அத்தான் நின்றிருந்தார், சட்டை முழுக்க வியர்வை. மாடிப்படியில் கடைவாய், வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக, அவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

முதலாளியம்மா வந்தார். அத்தானைப் பார்த்தார், சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். கடைவாய் நுரையைத் துப்பிவிட்டு, "அம்மா, இந்த சைக்கிள்ல ஒரு பல்லு செட்டு" என்றார், ஏதோ தானே செய்ததுபோல.

முதலாளியம்மாவும் ஒரு காலத்தில் முன்பல்லாக இருந்தவர்தான். யார் வாயில் எது செட்டு என்று பேருந்து நிறுத்தத்தில் நின்றே சொல்லிவிடுவார் என்று பெயர். கைப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பல்சக்கரத்தின் அருகே குந்தினார். பெடலை மெல்லச் சுற்றினார். நிறுத்தினார். செல்போன் விளக்கைப் போட்டு மறுபடி சுற்றினார். கடைசியில் ஒரு பல்லின்மேல் விரலை வைத்து, "இது" என்றார்.

அத்தான் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, குனிந்து, அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்த வேறொரு பல்லை மெதுவாகத் துடைத்துவிட்டார். நேற்று அவரே தடவிய எண்ணெயும் தூசியும் கைக்குட்டையோடு வந்தன.