சிவப்புக் குறி போட்ட நானூற்றுப் பன்னிரண்டு பேர்

மருத்துவமனையில் எல்லோரும் அவரை வங்கி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்த வங்கியில் வேலை பார்ப்பவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். புதிதாகச் சேர்ந்த காவலாளி ஒருவர், இவர் பணம் போட்டு எடுக்கிற வங்கியில் ஏதோ பெரிய பொறுப்பில் இருப்பவர் என்று நினைத்து, ஆறு மாதம் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். விஷயம் தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. பழகிவிட்டதாம்.

தரைத்தளத்தின் கோடியில் ஒரு நீள அறை. இரண்டு குளிர்பெட்டிகள், ஒரு சோதனை மேஜை, கதவோரம் ஒரு கணினி. அந்தக் கணினி முன்னால் அக்கா உட்கார்ந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது. கணினிப் பெட்டியை நடுவில் ஒருமுறை மாற்றினார்கள். அதற்குள் இருந்த பதிவு மட்டும் அதே பழைய பதிவு.

அந்தப் பதிவில் ஒரு முக்கியமான சங்கதி உண்டு. முன்பு எப்போதோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் சிலருக்கு, குறிப்பிட்ட வகை ரத்தத்தின் மேல் உடம்புக்குள் ஒரு பகை உருவாகிவிடும். சில வருஷம் போனால் அது சோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கிவிடும். ஆனால் உடம்பு மறப்பதில்லை. அதே வகை ரத்தம் மறுபடி ஏறினால், ஒரு வாரத்துக்குள் அத்தனையையும் அழித்துவிட்டு, கூடவே சிறுநீரகத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால், ஒருமுறை கண்டுபிடித்தால் அந்த ஆளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குறி போட்டு வைப்பார்கள். பெயரைத் தட்டியதும் குறி கண்ணில் படும். அப்படிக் குறி போட்டவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் அக்கா கையால் போட்டது.

ஒரு காலைப்பொழுதில் திரையின் நடுவில் ஒரு கட்டம் வந்து நின்றது. இந்த இயங்குதளத்துக்கான ஆதரவு முடியப்போகிறது, இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராது என்றது. 'பிறகு நினைவூட்டு' என்று இருந்ததை அக்கா அழுத்தினார். மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் கணினிப் பிரிவுக்காரருக்குப் போன் போட்டார்.

அந்த மருத்துவமனையின் நூற்று நாற்பது கணினிகளுக்கும் ஒரே ஆள் அவர்தான். யார் என்ன புகார் சொன்னாலும் முதலில் "அணைச்சுட்டுப் போட்டுப் பாருங்க" என்பார். அதனால் அவருக்குப் பட்டப்பெயர் ரீஸ்டார்ட். ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர், வருஷா வருஷம் நீட்டிப்புக் கடிதத்துக்காகக் காத்திருப்பவர். வந்து குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஓடும் அக்கா. நாளைக்கே நின்னுடாது. ஆனா இனிமே எங்கயாவது ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் வராது. அவ்வளவுதான்."

"அப்ப புதுசைப் போட்டுட வேண்டியதுதானே?"

"இந்தப் பெட்டி புதுசைத் தாங்காது. பெட்டியை மாத்தினா உங்க புரோகிராம் அதுல ஏறாது. அதை எழுதிக் கொடுத்த கம்பெனியை இழுத்து மூடிப் பல வருஷம் ஆச்சு."

"என்னதான் பண்றது தம்பி?"

"நியாயமாப் பார்த்தா புது புரோகிராம் வாங்கி, எல்லாப் பேரையும் அதுக்கு மாத்தணும். அது வரைக்கும் இதைத் தனியா வச்சுடுங்க. நெட்வொர்க் வயரைப் பிடுங்கிடணும். பென் டிரைவ் எதுவும் சொருகக் கூடாது. தினம் சாயங்காலம் ஒரு தனி டிஸ்க்குல காப்பி எடுத்து, கழட்டி, பீரோவுல வச்சுப் பூட்டிடுங்க. கழட்டறதுதான் முக்கியம்."

டிஸ்க்கும் அவரே கொடுத்தார். அக்கா அன்றே வயரைப் பிடுங்கிச் சுருட்டி ஆணியில் மாட்டினார். நிர்வாக அதிகாரிக்கு ஒரு கடிதமும் எழுதினார்.

கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவது எழுதினார். மூன்றாவதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதிகாரி கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. குழந்தைகள் வார்டில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. வாளி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் இரண்டில் ஒன்று படுத்துவிட்டது. அவர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்டார்:

"இப்ப ஓடுதா?"

"ஓடுது சார். ஆனா..."

"ஓடாததே என் மேஜையில பதினோரு ஃபைல் கிடக்கும்மா. அடுத்த வருஷப் பட்டியல்ல சேர்த்துடறேன்."

வயரைப் பிடுங்கியதால் வேலை இரட்டிப்பானது. முன்பெல்லாம் சோதனை முடிந்ததும் முடிவு வார்டுகளின் திரையில் தானாகத் தெரியும். இப்போது தாளில் எழுதி, மூன்று மாடி ஏறி, கையில் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு முழங்கால் வலி ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது. இப்போது கத்தவே ஆரம்பித்தது. இருந்தாலும் நான்கு மாதம் சமாளித்தார். ஒருநாள் விபத்தில் அடிபட்ட ஒருவருக்கான முடிவு இருபது நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் அறுவை அரங்கின் தலைமை நர்ஸ் புகார் எழுதிவிட்டார். அவர் எழுதியதிலும் தப்பில்லை.

மறுநாளே ரீஸ்டார்ட் வந்து நின்றார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஆணியிலிருந்து வயரை எடுத்தார்.

"மேலிடத்து உத்தரவு அக்கா. எழுதியே கொடுத்துட்டாங்க."

"நீயே வேண்டாம்னு சொன்னதுதானே?"

"சொன்னேன். திரும்பச் சொன்னா எனக்கு அடுத்த நீட்டிப்பு வராது."

அந்த வாரத்தில்தான் அக்காவும் ஒரு தப்புச் செய்தார். கூட வேலை பார்த்தவர் நீண்ட விடுப்பில் போய்விட, இரண்டு ஆள் வேலை அவர் தலையில் விழுந்தது. ஒரு சாயங்காலம் காப்பி எடுத்த டிஸ்க்கைக் கழட்டாமலே வீட்டுக்குப் போனார். மறுநாள் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. தினம் கழட்டி மாட்டுவதில் ஐந்து நிமிஷம் மிச்சம் என்று தோன்றியது. டிஸ்க் அங்கேயே இருந்துவிட்டது.

பதினோரு வாரம் கழித்து, வேறு ஏதோ ஒரு பிரிவில் யாரோ ஒரு மின்னஞ்சலைத் திறந்தார்கள். அதில் வந்த நச்சு நிரல் கட்டடம் முழுக்கத் தட்டிப் பார்த்தது. புதிய கணினிகள் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டன. அக்காவின் கணினியில் ஓட்டை திறந்தே கிடந்தது. காலை ஒன்பது மணிக்கு அவர் உட்கார்ந்தபோது திரை முழுக்கக் கறுப்பு. பணம் கேட்டு நாலு வரி. ரீஸ்டார்ட் ஓடி வந்தார். அவர் பார்வை நேராக டிஸ்க்கின் மேல் போய் நின்றது. அதில் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது எத்தனை நாளா சொருகியிருக்கு அக்கா?"

டிஸ்க்கில் இருந்த காப்பியையும் நச்சு நிரல் திறக்க முடியாதபடி பூட்டியிருந்தது. பதினேழு வருஷம் ஒரே காலையில் போயிற்று.

அன்றிலிருந்து அக்கா ஒரு நீள நோட்டை வைத்துக்கொண்டு, சிவப்புக் குறிக்காரர்களை ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். சமைக்கும்போது ஒரு பெயர் வரும்; கையைத் துடைத்துவிட்டு ஓடிப்போய் எழுதுவார். பஸ்ஸில் ஒரு முகம் வரும், பெயர் வராது. மூன்று வாரத்தில் தொண்ணூற்று மூன்று பேரை எழுதிவிட்டார்.

"மிச்சம் முந்நூத்துப் பத்தொன்பது பேர்," என்றார் கணவரிடம். அவர் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர். கணக்கில் அவரை ஏய்க்க முடியாது.

"உன் மூளை என்ன ஹார்டு டிஸ்க்கா? விடும்மா. சாப்பிடு."

"அதுல ஒருத்தர் வந்தா?"

"வந்தா நீ இருப்பல்ல. மூஞ்சியப் பார்த்தா ஞாபகம் வரும்."

அந்த ஒரு நம்பிக்கையில்தான் அக்காவும் இருந்தார்.

கணினி எப்படிப் போயிற்று என்று விசாரிக்க மேலிருந்து ஒரு குழு வந்தது. அக்காவை ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாம் மாடிக்குக் கூப்பிட்டார்கள். காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை உட்கார வைத்திருந்தார்கள். அன்று அவர் இடத்தில் வேறு ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் வந்து வேலை பார்த்தாள்.

மறுநாள் பதிவேட்டைப் புரட்டியபோது ஒரு பெயரில் அக்காவின் விரல் நின்றது. பள்ளிப் பேருந்தில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் வேலை செய்யும் பெண். கர்ப்பப்பைக் கட்டிக்கு அறுவை. இரண்டு பை ரத்தம் ஏறியிருந்தது. எட்டு வருஷத்துக்கு முன், இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் கொட்டி, நினைவில்லாமல் கிடந்தபோது இவளுக்கு வங்கியிலிருந்து ரத்தம் எடுத்துக் கொடுத்தவர் அக்காதான். பிறகு மறுசோதனைக்கு வந்தவளுக்குச் சிவப்புக் குறி போட்டவரும் அவர்தான். நோட்டில் இந்தப் பெயர் இல்லை. பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மாற்றாக வந்த பெண் ஒரு தவறும் செய்யவில்லை. சோதனை சுத்தமாக இருந்தது. முன்பு ரத்தம் ஏற்றியதுண்டா என்று கேட்டிருக்கிறாள். அன்று நினைவில்லாமல் கிடந்தவளுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை; மறுசோதனை எதற்கென்றும் தெரியாது. இல்லை என்றிருக்கிறாள்.

அக்கா முழங்காலை மறந்து மூன்று மாடி ஏறினார். அறுவை செய்த டாக்டர் கவனமாகக் கேட்டார். "ஏத்தினதை வெளிய எடுக்க முடியாது. பார்த்துக்கிட்டே இருப்போம்," என்றார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆறாம் நாள் கண் மஞ்சளாயிற்று. எட்டாம் நாள் சிறுநீர் கறுத்தது, பிறகு நின்றது. அக்கா தினமும் போய் அந்தக் கட்டிலருகில் நின்றார். அவர் யாரென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது; வார்டு ஆள் என்று நினைத்துத் தண்ணீர் கேட்டாள். பதின்மூன்றாம் நாள் இறந்துபோனாள். இறப்புக்குக் காரணம் அறுவைக்குப் பிந்தைய தொற்று என்று எழுதினார்கள்.

வீட்டில் அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவ வீட்டுக்காரர்கிட்டப் போய்ச் சொல்லப்போறேன்."

"என்னன்னு? நீயா கொன்ன? நீ மூணு லெட்டர் எழுதின ஆளு. வாயக் கொடுத்து ஏம்மா மாட்டிக்கற?"

"டிஸ்க்கை நான் கழட்டலைங்க."

கணவருக்கு அது அதுவரை தெரியாது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "தனியாப் போகாத. நானும் வரேன்," என்றார்.

அந்தப் பெண்ணின் கணவர் கண்ணாடி பொருத்துபவர். கடையும் வீடும் ஒன்றுதான். முன்பக்கம் சாய்த்து வைத்த கண்ணாடிகள், பின்னால் ஒரே அறை. சலித்துப்போன முகத்தோடு ஒரு ஜன்னல் கண்ணாடியை அளந்துகொண்டிருந்தார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். குறியைப் பற்றி, வயரைப் பற்றி, கடைசியாக டிஸ்க்கைப் பற்றி.

அவர் அளவுகோலைக் கீழே வைத்தார்.

"அவளை உங்களுக்கு அடையாளம் தெரியுமா?"

"பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

"மேல. விசாரணையில."

"என்ன விசாரணை?"

"கம்ப்யூட்டர் போனது எப்படின்னு."

அவர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அக்கா அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு, "போயிடுங்க," என்றார். "நான் ஏதாவது பண்ணிடறதுக்கு முன்னாடி போயிடுங்க."

அடுத்த மாதம் அவர் புகார் கொடுத்தார். நிர்வாக அதிகாரி, டாக்டர், ரீஸ்டார்ட் என்று நான்கு பேரின் பெயர் அதில் இருந்தது. நாலாவது அக்கா. மருத்துவமனையின் வக்கீல் அக்காவைக் கூப்பிட்டு, தொற்று என்றே எல்லோரும் சொல்லிவிடலாம், அவர் கடிதங்கள் அவரைக் காப்பாற்றும், டிஸ்க்கைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை என்றார். விசாரணையில் யாரும் கேட்கவில்லைதான். அக்கா கேட்காமலே சொன்னார். கடிதங்களின் நகலையும் கொடுத்தார்.

முடிவு வர ஒன்றரை வருஷம் பிடித்தது. நிர்வாக அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றினார்கள், டாக்டரை எச்சரித்து விட்டார்கள். ரீஸ்டார்ட்டின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அவர் இப்போது ஒரு கடையில் செல்போன் பழுது பார்க்கிறார். அக்காவை ஆறு மாதம் வீட்டில் உட்கார வைத்து, பிறகு படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். ரத்த வங்கிக்குப் புதுக் கணினி வந்தது, புது புரோகிராமும் வந்தது. பெயர்கள்தான் இல்லை. அக்காவின் நோட்டிலிருந்த தொண்ணூற்று மூன்றும், பிறகு ஞாபகம் வந்த இருபத்தெட்டும்தான் அதில் ஏறின.

முடிவு வருவதற்கு முந்தைய கடைசி விசாரணை நாளில், வெளியே பெஞ்சின் ஒரு முனையில் கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். மறு முனையில் அக்கா. அதுவரை எந்த விசாரணையிலும் அவர் அக்காவிடம் பேசியதில்லை. உள்ளே கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால், திரும்பாமலே கேட்டார்:

"தினம் போய்ப் பார்த்தீங்கன்னு சொன்னாங்க. அவளுக்கு வலிச்சுதா?"

அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"கடைசி ரெண்டு நாள் நினைவு இல்லை. அதுக்கு முன்னாடி வலிச்சுது. இடுப்புல. ரொம்ப வலிச்சுது."

"டாக்டருங்க எல்லாருமே வலிக்கலன்னுதான் சொன்னாங்க," என்றார் அவர்.

பிறகு அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனார்.