குடத்தைத் திரும்ப நிரப்பியவர்

சரோஜா மேடம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது எங்கள் லைன் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வேலூரிலிருந்து அவருடைய மகள் போன் செய்தாள். விடியற்காலையில், தூக்கத்திலேயே என்றாள். நான் வெளியே போய் அம்மாவிடம் சொன்னேன். வரிசையில் அடுத்தது அம்மாவின் முறை. அவள் பின்னால் நின்றவளை முன்னே போகச் சொல்லிவிட்டு, காலிக் குடத்தோடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, தண்ணீர் வரும் நேரத்தில் ஒருத்தி தன் முறையை விடுவது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மேடத்தை, எங்கள் கல்லூரியில் படித்த உங்களில் பலர் விலங்கியல் வகுப்பில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அவர் பக்கத்து நாற்காலி. கல்லூரியில் நான் சரித்திரம், அவர் விலங்கியல். ஆசிரியர் அறையில் எங்கள் இருவருக்கும் ஒரே மேஜை. அதில் என் பக்கம் புத்தகங்கள் இருக்கும். அவர் பக்கம் மூடியில் ஓட்டை போட்ட ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும், உள்ளே கொசுப் புழுக்கள். டிபன் பாக்ஸும் அதற்குப் பக்கத்திலேயே. முகம் சுளித்தவர்களிடம், “மூடியிருக்குல்ல? உங்க சாம்பார்ல குதிச்சிடாது” என்பார். தேர்வுக் கண்காணிப்புக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அதற்காக வாங்கிய திட்டுகளையும் சிரித்துக்கொண்டே வாங்கினார்.

என் பாடத்தை அவர் மதித்தாரா என்பது கடைசிவரை எனக்குச் சந்தேகம்தான். “உங்க பாடத்துல எல்லாரும் செத்துப்போனவங்க வசந்தா. என் பாடத்துல எல்லாம் நெளியுது” என்று சொல்வார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், பிரிட்டிஷ் ஆட்சியில் மலேரியாவும் பொதுச் சுகாதாரமும் என்ற பாடத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ரயில் பாதைக்கு மண் எடுத்த பள்ளங்களில் மழைநீர் தேங்கியதையும், கால்வாயோடு சேர்ந்து காய்ச்சலும் ஊருக்குள் வந்ததையும் எழுதினேன். அரசாங்கத்தின் கவனம் முதலில் பட்டாளத்துக்கும் வெள்ளைக்காரர் குடியிருப்புக்கும் போயிற்று. பிறகு தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வந்தது. காய்ச்சலில் கிடக்கிறவன் ஷிப்டுக்கு வர மாட்டான், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ் ஆளில்லாமல் கீழே இறங்கும் என்பதால். எங்கள் ஊரைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன்: ‘சுகாதார ஊழியர்கள் லைன்களில் வீடு வீடாகச் சென்று, புழு இருந்த பாத்திரங்களைக் காலி செய்தனர், காய்ச்சல் குறைந்தது.’ அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

மேடம் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

“காலி பண்ணாங்க, சரி. திரும்ப யாரு ரொப்பினது?”

“அதெல்லாம் ரிப்போர்ட்ல இருக்காது மேடம்” என்றேன். “இருக்காதுதான்” என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

அந்த மழைக்காலத்தில் என் தம்பி முருகேசன் படுத்தான். தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு தூக்கிப்போடும். ரத்தப் பரிசோதனையில் மலேரியா என்று தெரிந்தது. மாத்திரை சாப்பிடுவான், கொஞ்சம் தேறியதும் மிச்சத்தை நிறுத்திவிடுவான். சில வாரங்களில் மறுபடியும் குளிர்க்காய்ச்சல். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்னொரு தடவை படுத்தால் வரவே வேண்டாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அப்பாவின் பென்ஷனும் என் சம்பளமும் இருந்தாலும், அவன் கல்யாணம் அந்த வேலையை நம்பித்தான் பேசப்பட்டிருந்தது.

சுகாதாரத் துறை ஆட்கள் தண்ணீர்ப் பாத்திரங்களைப் பார்க்க வந்தார்கள். அம்மா கதவைப் பாதி திறந்து, “வூட்ல தண்ணியே கெடையாது” என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ட்ரம் நிறையத் தண்ணீர், மேலே பழைய புடவை போர்த்தி, அரிசி மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். பிறகு மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தார். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

“அம்மா, உள்ள வரலாமா?”

“யாரு, வசந்தாகூட வேல செய்யற டீச்சரம்மாவா? வாம்மா, குந்து. இன்னா, ட்ரம்ம பாக்க வந்தியா?”

“ஆமாம்மா.”

“பாத்துட்டு கவுப்பே. உங்க ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல திருகுனா கொட்டுது. இங்க என்னிக்கு வுடுவான்னு வுடறவனுக்கே தெரியாது.”

மேடத்தின் கணவர் தொழிற்சாலையில் இன்ஜினியர், குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். மேடம் அதை மறுக்கவில்லை. “அதுவும் நிசந்தான்” என்றார். அப்புறம் அம்மா தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு ஒருநாளும் சொல்லாததை.

“வெள்ளக்காரன் இருந்தப்போ நான் சின்னப் பொண்ணு. இதே லைன்தான். ஆளுங்க வந்து எட்டிப் பாப்பாங்க. ஒரு பேச்சு கேக்க மாட்டாங்க. குடத்த எட்டி ஒதச்சிட்டு அடுத்த வூட்டுக்குப் போயிடுவாங்க.”

“திரும்ப யாரும்மா ரொப்பினது?”

“யாரு ரொப்புவா? நானும் எங்கம்மாவும்தான். எங்கம்மா மாசமா வேற இருந்தாங்க. மறுபடியும் போயி வரிசையில நின்னோம்.” பிறகு அவளே சேர்த்துச் சொன்னாள்: “அதே ஆளுங்க குடுத்த கொயினா மருந்துதான் எங்கப்பன எழுப்பி ஒக்கார வெச்சுது. அதையும் சொல்லணும்ல. ஆனா தண்ணி விசயத்துல நான் ஒருத்தனையும் நம்ப மாட்டேன்.”

மேடம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேனா என்று தெரியாது.

“கொட்ட மாட்டேம்மா. வடிகட்டி, உங்க தண்ணிய உங்களுக்கே குடுத்துடறேன். கீழ சிந்தினா, எங்க வீட்டுக் குழாயிலேர்ந்து ஒரு குடம் நானே கொண்டு வரேன்.”

கட்டிலில் இரண்டு போர்வைக்குள்ளிருந்து முருகேசன் குரல் கொடுத்தான்: “எம்மா, ஒரு துளி சிந்த வுடும்மா. குவார்ட்டர்ஸ் தண்ணி எப்படி கீதுன்னு குடிச்சிப் பாக்கலாம்.”

அம்மா சிரித்துவிட்டாள். ட்ரம்மின் மேலிருந்த புடவை விலகியது. மேடம் பையிலிருந்து வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து நான்காக மடித்தார். “எங்க வீட்டுக்காரரோடது. இன்னும் தேடிட்டிருப்பார்” என்றார். அண்டாவின் வாயில் துணியைக் கட்டி, ட்ரம்மிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றினோம். அண்டாவும் குடங்களும் போதாமல், சமையல் பாத்திரங்களும் நிறைந்தன. துணியில் மெல்லிய பழுப்பு நூல்களாகப் புழுக்கள் துள்ளின. மேடத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. மீன் கிடைத்தவர் மாதிரி அவற்றைப் பாட்டிலில் விட்டு அம்மாவிடம் நீட்டினார்.

“பாருங்க, தண்ணிக்கு மேல கெடையா படுத்திருக்கு. இதுதான் மலேரியாவோடது. தலகீழாத் தொங்கினா வேற ஜாதி, சாக்கடைக் கொசு. இது நல்ல தண்ணியாப் பாத்துத்தான் வரும். உங்கள மாதிரி சுத்தக்காரி.”

“பாத்தியா வசந்தா, டீச்சரம்மா என்னையே கிண்டல் பண்ணுது” என்றாள் அம்மா. ஆனால் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ட்ரம்மைத் தேய்த்துத் துடைத்துத் தண்ணீரைத் திரும்ப ஊற்றும்போது மேடத்தின் கை வழுக்கி ஒரு சொம்பு சிந்திவிட்டது. யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் லைன் முனையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மடியில் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முன்பக்கமெல்லாம் நனைந்த புடவையோடு மேடம் இறங்கினார். வழியில் பாதி அவர் மேலேயே கொட்டியிருந்தது. “பாதிதான் இருக்கு. மீதிக்கு இன்னொரு நாள் வரேன்” என்றார் அம்மாவிடம்.

குழாயடியில் அம்மா அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொன்னாளோ! அடுத்த வாரம் எங்கள் வரிசையில் வீட்டுக்கு வீடு ட்ரம்களின் மேலிருந்த புடவைகள் விலகின. வாரம் ஒருமுறை வடிகட்டி, வாயைத் துணியால் இறுகக் கட்டுவது வழக்கமாயிற்று. மேடம் முடிந்தபோதெல்லாம் வந்தார். புழு கிடைக்காத வீட்டில் அவர் முகம் விழுந்துவிடும். அதைப் பார்க்கவே பெண்கள் கூடுவார்கள்.

முருகேசன் இந்த முறை மாத்திரையை முழுவதும் சாப்பிட்டான். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து அவனை மிரட்டியிருந்தார். காய்ச்சல் திரும்பவில்லை. வேலை நிலைத்தது, கல்யாணமும் நடந்தது. எல்லாம் மேடம் செய்தது என்று அம்மா சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அவன சரியாக்கினது மாத்திரைம்மா. துணி அடுத்தவனுக்கு வராம இருக்கத்தான்” என்றார்.

இந்த வருஷம் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு வேலூரில் மகள் வீட்டில் அவரைப் பார்க்கப் போனேன். மிகவும் மெலிந்திருந்தார். ஊரே அதைத்தான் பேசுகிறது என்றேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “லைனுக்குத் தண்ணி வுடறாங்கல்ல?” என்று மட்டும் கேட்டார். வுடறாங்க என்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்விதான். இப்போதும் அதே பாடத்தை நடத்துகிறேன். கொயினாவையும், எண்ணெய் தெளித்த குட்டைகளையும், குறைந்த காய்ச்சலையும் குறைக்காமல் சொல்கிறேன். ‘பாத்திரங்களைக் காலி செய்தனர்’ என்ற வரி வந்ததும் நிறுத்தி, திரும்ப நிரப்பியது யார் என்று கேட்கிறேன். வீட்டில் கேட்டுவிட்டு வரும் பிள்ளைகள் மறுநாள் பேச ஆரம்பித்தால் அந்த வகுப்பில் எனக்கு வேலையே இருப்பதில்லை.

வேலூரில் எல்லாம் முடிந்து நாங்கள் திரும்பிய மறுநாள் வடிகட்டும் நாள். அம்மா ட்ரம்மைத் திறந்தாள். இன்ஜினியர் சார் கடைசிவரை தேடிய அந்த வேட்டியைத்தான் விரித்தாள். மொண்டு முடித்ததும் துணியைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினாள். வெள்ளையாக இருந்தது, எதுவும் நெளியவில்லை.

“ஒண்ணுகூட இல்ல. டீச்சரம்மா இருந்தா மூஞ்சி எப்படித் தொங்கியிருக்கும்!” என்றாள் அம்மா.

இருவரும் சிரித்தோம். பிறகு, கீழே சிந்தாமல், தண்ணீரைத் திரும்ப ஊற்றினோம்.