செவலைக்குப் போன மாத்திரை

யோகப்பிரியாவுக்கு மாத்திரை என்றாலே ஆகாது. அப்படிப்பட்டவளுக்கு மாதம் தவறாமல் ஒரு சத்து மாத்திரை டப்பா மீனாட்சிபுரத்து வீட்டு வாசலில் வந்து இறங்கும்படி செய்துவிட்டான் புருஷன் மயில்சாமி. போனில் விளம்பரம் பார்த்துச் சந்தா கட்டியிருந்தான். என்னத்துக்கு என்று கேட்டதற்கு, மாடுகளோடு ஒற்றை ஆளாய் மல்லுக்கட்டுகிறாளே, அசதிக்கு நல்லதாம் என்று சொல்லிவிட்டுப் பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போய்விட்டான்.

மாட்டுத் தீவனம் வாங்கினாலே சாக்கைத் திருப்பிப் பார்த்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று படிக்காமல் பிரிக்க மாட்டாள் அவள். தனக்கு வந்ததை மட்டும் விடுவாளா? மாட்டுக்குக் கலக்கும் தாது உப்புப் பாக்கெட்டையும் டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டினாள். சிங்க், காப்பர், மாங்கனீஸ், அயோடின். எல்லாம் மாடு தின்பதுதான். மாட்டுக்குக் கைநிறைய, மனுஷிக்குச் சிட்டிகை. அப்புறம் முருங்கை இலைப் பொடி. கொல்லையில் மரம் தழைத்துக் கிடக்க, கீரையை உருட்டி விற்கிறவனின் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரித்தாள். அடுத்த பெயரில் சிரிப்பு நின்றுவிட்டது. ஃபோலிக் ஆசிட். பிள்ளை உண்டானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது.

கல்யாணமாகி எட்டு வருஷம். அந்த மாத்திரையை அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை. அங்கன்வாடியைத் தாண்டிப் போகும்போது உள்ளே கேட்கும் இரைச்சலுக்கு நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரிடமும் குறையில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மயில்சாமி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அவனுக்கு ஆசை விட்டுப்போயிற்று என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். ஏங்குவது தான் ஒருத்தி மட்டும்தான் என்ற நினைப்புத்தான் அவளை அதிகம் வாட்டியது.

அந்த வாரமே செவலைப் பசுவின் விவகாரம் கிளம்பியது. எத்தனை சினை ஊசி போட்டும் அதற்கு நிற்கவில்லை. இன்னும் ஒரு ஊசி, அதிலும் நிற்காவிட்டால் வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிவிட வேண்டியதுதான் என்றான் மயில்சாமி. மலட்டு மாட்டை எத்தனை நாளைக்குக் கட்டிவைத்துத் தீனி போடுவது என்றும் சொன்னான். அவன் சொன்னது மாட்டை. சோறு இறங்காமல் போனது அவளுக்கு.

மறுநாள் பாக்கெட்டை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். செவலை தின்னும் உப்பில் எல்லாம் இருக்கிறது, ஃபோலிக் ஆசிட் மட்டும் இல்லை. அப்படியானால் குறை அதுதான் என்று பட்டது. அன்று முதல் தன் பங்கு மாத்திரையைப் பொடித்துப் புண்ணாக்குத் தண்ணீரில் கலந்து வைத்தாள். அத்தனை பெரிய உடம்புக்கு அது எந்த மூலைக்கு என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் செவலை குடிக்கும்போது கழுத்தைத் தடவிக்கொண்டு, "நீயாச்சும் பெத்துக்க சாமி" என்பாள்.

டப்பாக்கள் காலியாயின. கடைசி ஊசி போட்டு மூன்று மாதம் ஆனதும், மிருகாஸ்பத்திரி டாக்டர் வந்து கையை விட்டுப் பார்த்தார். சினை இல்லை என்று சொல்லிவிட்டுச் சோப்புக் கேட்டார்.

அவரை அனுப்பிவிட்டு வந்த மயில்சாமி செவலையின் பக்கமே போகவில்லை. அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்துக் குலுக்கினான். காலி. அவன் முகம் மலர்ந்தது.

"எல்லாம் தின்னு முடிச்சிட்டயா கண்ணு? ஒடம்புல ஏதாச்சும் தெரியுதா?" தயங்கிவிட்டு, "கொழந்த நிக்கறதுக்கும் நல்லதுன்னு போட்டிருந்துச்சு. உங்கிட்டச் சொல்றதுக்குத்தான் ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றான்.

"ஒண்ணுகூட நான் திங்கலீங்க. செவலைக்குப் போட்டுட்டனுங்க. சினை நிக்காட்டி ஓட்டீருவேன்னீங்களே."

அவன் டப்பாவை அலமாரியில் திரும்ப வைத்தான்.

"மாட்டத்தான சொன்னேன்? உன்னையவா சொன்னேன்?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "டப்பா தீரத் தீர, நான் பேரு யோசிச்சுட்டு இருந்தேன்" என்றான்.

எட்டு வருஷமாய் ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்து ஏங்கியிருக்கிறார்கள். அவள் அவனருகில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன பேருங்க?"

அவன் கூச்சத்தோடு சொன்னான். பையனுக்கு ஒன்றுதான் வைத்திருந்தான். பெண் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே போனான்.