மாஸ்டர் என்றால் எந்த யுனிவர்சிட்டி?

திருவனந்தபுரம் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்சந்தில், அழகியநம்பி அண்ணாச்சியின் சைவ ஹோட்டலில், பதினேழு வருஷமாகத் தோசைக்கல்லோடு சேர்ந்து வெந்துகொண்டிருந்தவன் தளவாய். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து மேசை துடைக்க வந்தவன். பழைய ஆள் கோபித்துக்கொண்டு போன ஒரு நாளில் கரண்டி இவன் கைக்கு வந்தது. அன்று சாயங்காலமே அண்ணாச்சி எல்லார் முன்னாலும், "இனிமே நீதாம்வே மாஸ்டர்" என்றார். தளவாய்க்குக் கண்ணீர் கரகரவென்று இறங்கி மாவில் விழப் பார்த்தது.

அந்தப் பட்டத்தை அண்ணாச்சி வாயால் மட்டும்தான் கொடுத்தார். ரெஜிஸ்டரில் அவன் பெயருக்கு நேராக 'ஹெல்ப்பர்' என்றே இருந்தது. மாஸ்டர் என்று எழுதினால், மாஸ்டருக்கு உண்டான சம்பளம் எங்கே என்று லேபர் ஆபீசர் கேட்பார். வாயால் கூப்பிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

2007 ஓணத்துக்கு ஊருக்கு வந்திருந்தார் ராஜையன். பாறசாலைக்காரர், லண்டனில் ஹோட்டல் வைத்திருப்பவர். தளவாயின் நெய்ரோஸ்ட்டில் மூன்றைத் தின்றுவிட்டு, "நீ அங்க நிக்க வேண்டிய ஆளாக்கும். விசா நான் அனுப்புதேன்" என்று கையைப் பிடித்தார். தளவாயின் மனைவி மாடம்மாள் அன்றைக்கே போய் ஒரு கம்பளிக் குல்லாய் வாங்கி வந்தாள். ஆரியசாலை வீட்டின் தகரக்கூரைக்குக் கீழே அதைப் போட்டுப் பார்த்து, தளவாய் கழுத்துவரை வியர்த்தான். பிள்ளைகள் கைதட்டின. அந்த வீடு அன்று முதல் லண்டனைத் தவிர வேறொன்றையும் பேசவில்லை.

குல்லாய் பெட்டியில் கிடந்தபோதே பிரிட்டிஷ் சர்க்கார் விசா விதியை மாற்றிவிட்டது. 2008 கடைசியில் எல்லாமே புள்ளிக்கணக்கு. சம்பளத்துக்குப் புள்ளி, படிப்புக்குப் புள்ளி, இங்கிலீஷுக்குப் புள்ளி. ஆளைக் கூப்பிடும் முதலாளியே முதலில் லைசென்ஸ் எடுக்கவேண்டும். தோசைக்குப் புள்ளி கிடையாது. தோசையில் விழும் புள்ளிகளை எண்ணியிருந்தால் தளவாய் அன்றே விமானம் ஏறியிருப்பான்.

இங்கிலீஷ் பரீட்சையை, அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்து எப்படியோ தாண்டினான். ராஜையன் போனில் சொன்னார்: "லைசென்ஸ் எடுத்தாச்சுடே. நீ வேலை அறிஞ்ச ஆளுன்னு உன் முதலாளி ஒரு லெட்டர் தரணும். ரெஜிஸ்டர் காப்பியும் வேணும். அது இல்லேன்னா விசா இல்ல, கேட்டியா?"

தளவாய் கல்லாப்பெட்டி முன்னால் கைகட்டி நின்றான். அண்ணாச்சி மகிழ்ந்து எழுதிக் கொடுத்தார். 'தளவாய், ஹெல்ப்பர். நல்ல குணம்.'

"அண்ணாச்சி, ஹெல்ப்பர்னுல்லா இருக்கு?"

"ரெஜிஸ்டர்ல உள்ளதைத்தானவே எழுத முடியும்? மாலை போட்டிருக்கேன். ஐயப்பனுக்கு முன்னால பொய் சொல்லச் சொல்லுதியா?" என்று கழுத்திலிருந்த துளசி மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை, சபரிமலைக்குப் போகும் சாமிமார் இரண்டு பஸ் வந்து இறங்கினார்கள். கல் காய்ந்து புகைந்தது. தளவாய் ஓரமாக உட்கார்ந்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான்.

"வே, கல்லுக்கு வாரும்வே!"

"நான் ஹெல்ப்பராக்கும் அண்ணாச்சி. மாஸ்டர் வரட்டும்."

அண்ணாச்சி கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே கரண்டி எடுத்தார். முதல் தோசை இலங்கை மாதிரி வந்தது. இரண்டாவது, கல்லை விட்டு வரமாட்டேன் என்று அழுதது.

"சாமி, இதைச் சுரண்டித்தான் தருவீங்களா?" என்றார் ஒரு மதுரைக்காரர்.

பத்து மணிக்குள் ரெஜிஸ்டரில் ஹெல்ப்பர் அடிபட்டு மாஸ்டர் உட்கார்ந்தது. லெட்டரும் வந்தது. அண்ணாச்சி மை செலவழிப்பதிலும் சிக்கனம்: 'தளவாய் எங்கள் ஸ்தாபனத்தில் மாஸ்டர்.' அவ்வளவுதான். தளவாய் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விசா ஏஜென்சிக்கு ஓடினான்.

அங்கே விண்ணப்பம் நிரப்புகிறவள் நீது. கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காத மலையாளப் பெண்.

"மாஸ்டரோ? கொள்ளாமல்லோ! எந்து சப்ஜெக்ட் சேட்டா?" என்று மெச்சிக் கேட்டாள்.

சப்ஜெக்ட் என்றால் இங்கிலீஷில் வேலையாக இருக்கும் என்று தளவாய் முடிவு செய்தான்.

"கல்லுதான் மக்கா. பதினேழு வருஷமா கல்லு."

"ஓ, ஜியாலஜி. எந்த யுனிவர்சிட்டி?"

அந்த வார்த்தை புரியவில்லை. ஊரைக் கேட்கிறாள் என்று நினைத்தான். "இங்கதான், திருவனந்தபுரம்."

நீது தட்டினாள். தோசைக்கல்லுக்கு இங்கிலீஷில் இவ்வளவு அழகான பெயரா என்று நெகிழ்ந்து, காட்டிய இடத்திலெல்லாம் தளவாய் கையெழுத்துப் போட்டான்.

பிப்ரவரியில் பதில் வந்தது. ஜியாலஜி முதுகலைச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை, நிலவியல் படித்தவருக்கு உணவகத்தில் என்ன வேலை என்பதும் விளங்கவில்லை, விசா மறுக்கப்படுகிறது.

மாடம்மாள் அழுத அழுகை சாலைக் கடைத்தெரு வரை கேட்டது. மூன்றாம் நாள் மூக்கைச் சிந்திவிட்டு, "ஏங்க, ஜியாலஜின்னா பெரிய படிப்போ?" என்று கேட்டாள்.

"பெரிசுதானாம்."

"அப்போ அதுல தோத்ததுக்கு வெக்கப்படாண்டாம்" என்று குல்லாயை எடுத்துச் சின்னவன் தலையில் மாட்டிவிட்டாள்.

தளவாய் கல்லுக்குத் திரும்பினான். அண்ணாச்சி அருகில் வந்து, குரலில் தேனைக் குழைத்தார். "போனாப் போவுதுவே, இது உன் கடையில்லா. லேபர் ஆபீசர் வேற இந்தப் பக்கம் சுத்துதாராம். ரெஜிஸ்டர்ல பழையபடி ஹெல்ப்பர்னே போட்டுருவமா?"

தளவாய், பாதி தேய்த்த தோசையின் மேலிருந்து கரண்டியை எடுத்து, மாவு வாளிக்குள் போட்டான். கையைத் துண்டில் துடைத்தான். டம்ளர் கழுவும் தொட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

தோசை கருகத் தொடங்கியது. அண்ணாச்சி அதைப் பார்த்தார். காத்திருந்த மேசைகளைப் பார்த்தார். ரெஜிஸ்டரை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு ரோஸ்ட்டு, மாஸ்டர்" என்றார்.